பச்சைப் பொத்தான்

பூங்கோதை பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும்போது மணி மூன்றரை. டெய்ரி ஃபார்ம் மேட்டில் ஏறி வருவதற்குள் மழை இரண்டு தடவை பிடித்து இரண்டு தடவை விட்டிருந்தது. சொட்டச் சொட்ட நின்ற குடையை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். முன்னறையில் அவள் கணவர் முருகையா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் அவர் கை சட்டென்று மானிட்டருக்கு அடியில் போனது. திரை கறுத்துவிட்டது.

"வந்துட்டியா? டீ போடட்டுமா?" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவராக வாய் திறந்து டீ போடட்டுமா என்று கேட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூங்கோதை ஈரப் புடவையை மாற்றப் போனாள்.

முருகையா தீவின் சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெரியில் எஞ்சின் டிரைவர். காலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் விடியுமுன் கிளம்பி மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். பூங்கோதை ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் கார்த்திகா திருச்சியில் படிக்கிறாள். கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியது. அவள் போன பிறகு அது மேசைத் துணி போர்த்திக் கிடந்தது. இந்த ஒரு வருடமாகத்தான் முருகையா அதன் முன்னால் உட்காரப் பழகியிருந்தார்.

திரையை அணைப்பது அன்று முதல் தடவை அல்ல. போன வாரமும் ஒருமுறை நடந்தது. அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை பார்த்ததும் மனசில் ஏதோ இடறியது.

மறுநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவளே போய் மானிட்டரைப் போட்டாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் வெறும் நீல மலைப் படம். அவ்வளவுதானா என்று திரும்பப் போனவளை வலது மூலையில் வந்த 'டிங்' சத்தம் நிறுத்தியது. சின்னப் பெட்டி ஒன்று மேலே ஏறி வந்தது. அதில் தோள் தெரியும் உடுப்பில் ஒரு பெண். 'ப்ரியா, வயது 34, சென்னையில் உங்கள் அருகில். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.'

பூங்கோதை அதை இரண்டு தடவை படித்தாள். பெட்டி தானாக மறைந்தது. அடுத்த நிமிடமே இன்னொன்று வந்தது. இதில் வேறு பெண். அவளும் சென்னைதான்.

ஏப்ரலில் முருகையா கண் காட்டச் சென்னைக்குப் போயிருந்தார். தீவுக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று பத்து நாள் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. பள்ளி இருந்ததால் அவள் கூடப் போகவில்லை. தினமும் ராத்திரி போன் செய்தார். டாக்டர் சொன்னது, சாப்பிட்டது எல்லாம் சொன்னார். அந்தப் பத்து நாளையும் பூங்கோதை இப்போது சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அதில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. தெரியாததே இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவள் சண்டை போடுகிறவள் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் வேணுமா என்று மட்டும் கேட்கவில்லை. முருகையாவும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனார். இப்படி நாலு நாள் போனது.

சனிக்கிழமை முருகையாவுக்கு மாற்று ஷிஃப்ட். சாயந்தரம்தான் வருவார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுக்க வண்ணம் தீட்டும் படங்கள் தீர்ந்துபோயிருந்தன. ஜூனில் பள்ளி திறந்தபோது எடுத்த பிரிண்ட் எல்லாம் காலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பதுபோல் பூங்கோதை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடலாமைப் படம் வேண்டும் என்று தேடினாள். எதையோ தொட்டாள், என்ன தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

சைரன் அலறியது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசியது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், படங்களும் பேங்க் விவரங்களும் திருடு போகின்றன, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்றது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். இன்னொரு சிவப்புப் பக்கம் திறந்தது. இரண்டு குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கத்தின. கார்த்திகாவின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பூங்கோதை போனை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து எண்களை அடித்தாள்.

"தீதி! க்யா ஹுவா? என்ன சத்தம் அது?"

பக்கத்து வீட்டு ஸ்வப்னா வாசலில் நின்றாள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள். ஓர் அரசு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்ப்பவள். வங்காளிப் பெண்ணானாலும் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் இந்தியையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசுவாள். அக்கா என்பதற்குத் தீதி என்பாள்.

"வைரஸ் வந்துருச்சு ஸ்வப்னா. இந்த நம்பருக்குப் பண்ணச் சொல்லுது."

ஸ்வப்னா திரையைப் பார்த்தாள். பிறகு பூங்கோதையின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த நம்பர்தான் தீதி திருடன். போன் எடுத்தா ரொம்ப இனிப்பாப் பேசுவான். இதை இன்ஸ்டால் பண்ணுங்க, அதை அழுத்துங்கன்னு சொல்வான். அப்புறம் அவன் உக்காந்த இடத்துலேருந்து உங்க கம்ப்யூட்டரை அவனே ஓட்டுவான். இது வெறும் படம். சைரனும் படம்தான். டரோ மத், பயப்படாதீங்க."

அவள் வைஃபையை அணைத்தாள். விசைப்பலகையில் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, வந்த பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து மூடினாள். குரல்கள் நடுவார்த்தையில் நின்றன. அறை அப்படியே அமைதியாகிவிட்டது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

எழுந்து நின்றிருந்த பூங்கோதை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதைத் திருப்பித் திறக்கலாமா?" என்று கேட்டாள்.

"திறந்துதான் ஆகணும். எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும் இல்ல?" ஸ்வப்னா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிரவுசரைத் திறந்ததும், பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்று சொன்னாள். வைஃபையைப் போட்டாள். உடனே மூலையில் 'டிங்'. ப்ரியா வந்து நின்றாள்.

பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்வப்னா அதைக் கவனித்தாள்.

"இது எத்தனை நாளா வருது தீதி?"

"எனக்குத் தெரிஞ்சு அஞ்சு நாளா." பூங்கோதை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஸ்வப்னா, ஒண்ணு கேக்கறேன். யாருகிட்டயும் சொல்லாதே. இந்த மாதிரி விளம்பரமெல்லாம், ஒருத்தர் என்ன பார்க்கறாங்களோ அதை வச்சுத்தானே வரும்?"

ஸ்வப்னா சிரிக்கவில்லை. மவுஸை மெல்லத் திரையின் மூலைக்கு நகர்த்தி நிறுத்தினாள்.

"சிலது அப்படி வரும். சிலது அப்படி இல்ல. இதுல யார் எந்த நாள் என்ன பார்த்தாங்கன்னு லிஸ்ட் இருக்கு. ஹிஸ்டரின்னு சொல்வோம். ஒரு தட்டு தட்டினா வந்துரும். திறக்கட்டுமா?"

பூங்கோதை திரையைப் பார்த்தாள். நாலு நாளாக அவள் கேட்க முடியாமல் தவித்த கேள்விக்குப் பதில் அதற்குள் இருந்தது. முருகையா பக்கத்தில் இல்லை. அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அது. ஒன்றுமில்லை என்று வந்தாலும் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"வேண்டாம். அவர் வரட்டும். அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

"டீக் ஹை, சரி. அது நல்லது," என்று ஸ்வப்னா அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் 'அலவ்' கொடுத்த இணையதளங்களின் பட்டியலைத் திறந்தாள். பெயர் தெரியாத பதினொரு தளங்கள் வரிசையாக நின்றன. ஏதாவது ஒரு பக்கத்துக்குள் போகும்போது 'உங்களுக்குத் தகவல் அனுப்பட்டுமா' என்று அது கேட்கும், சரி என்று தட்டிவிட்டால் அதற்கப்புறம் கம்ப்யூட்டர் திறந்திருக்கும்போதெல்லாம் வந்து வாசலைத் தட்டும் என்று விளக்கினாள். பதினொன்றையும் நீக்கினாள். மூலை அமைதியானது.

"ப்ரியா போயாச்சு. ஆனா ஒரு விஷயம் பாருங்க தீதி. சென்னையில உங்கள் அருகில்னு போட்டிருந்தான் இல்ல? சென்னை நமக்கு அருகிலா? கப்பல்ல மூணு நாள்!" இப்போதுதான் அவள் சிரித்தாள். "நம்ம நெட் சென்னை வழியா வருது. அதனால நாம சென்னையில உக்காந்திருக்கோம்னு அவன் நினைச்சுக்கறான். எங்க வீட்டுலயும் அப்படித்தான். அண்ணா நகர்ல பிரியாணி கொண்டு வந்து தரட்டுமான்னு தினம் கேக்கறான்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்துப் பத்து நாள் மனசிலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து ஸ்வப்னா கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்ட புரோகிராம்களின் பட்டியலை எடுத்தாள். தேதிவாரியாக அடுக்கினாள். கார்த்திகா காலத்தில் ஏற்றியவை கீழே போயின. மேலே மூன்று மட்டும் புதிதாக நின்றன. மூன்றுக்கும் ஒரே தேதி. ஜூன் பதினான்கு. ஒன்றின் பெயரில் 'ஃப்ரீ கலரிங் பேஜஸ்' என்று இருந்தது.

"இதுதான் மா. இது உள்ளே வந்துதான் மத்த எல்லாரையும் கூட்டி வந்திருக்கு. ஜூன் பதினாலு அன்னிக்கு யார் உக்காந்தீங்க?"

பூங்கோதை மனசுக்குள் தேதியை எண்ணிப் பார்த்தாள். ஜூன் பதிமூன்றாம் தேதி விடியற்காலை பஸ்ஸில் முருகையா ரங்கத் ஊருக்குப் போனார். அவர் தங்கை ருக்குவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பதினைந்தாம் தேதி ராத்திரிதான் திரும்பி வந்தார். அந்த மூன்று நாளும் வீட்டில் அவள் மட்டும்தான். பள்ளி திறக்கப் போகிறது என்று படம் தேடினாள். யானை, மீன், தென்னை மரம். ஒரு பக்கத்தில் 'டவுன்லோட்' என்று பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினாள். அடுத்தடுத்து ஏதேதோ கேட்டது. நேரமாகிறதே என்று எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனாள். படம் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதை மறந்தும்போனாள்.

"நான்தான்," என்றாள். "நான்தான் ஸ்வப்னா. பிள்ளைங்களுக்குப் படம் எடுத்தேன்."

"அரே, அதுக்கு ஏன் இப்படி? எங்க ஆபீஸ்ல பெரிய சாரே ரெண்டு தடவை பண்ணிட்டார். பெரிசா, பச்சையா, இங்கே அழுத்துன்னு கண்ணைப் பறிக்கிறது பாதிக்கு மேல விளம்பரம் தீதி. நிஜ லிங்க் ஓரத்துல சின்னதா இருக்கும்."

மூன்று புரோகிராம்களையும் நீக்கினாள். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்தாள். கம்ப்யூட்டரின் அப்டேட் பக்கத்தைத் திறந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாலு வருடமாக அப்டேட்டே ஆகவில்லை. பழைய நாட்களில் சாட்டிலைட் நெட் நத்தை மாதிரி ஊரும், அப்டேட் ஓடினால் இருக்கிற டேட்டாவும் போய்விடும் என்று விற்ற கடைக்காரரே அதை நிறுத்தி வைத்திருந்தார். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகும் அதைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்வப்னா கம்ப்யூட்டரிலேயே இருந்த பாதுகாப்புப் புரோகிராமை உசுப்பி முழுசாக ஒரு சோதனை ஓடவிட்டாள். அது ஒன்றரை மணி நேரம் ஓடி, மறைந்திருந்த இன்னும் இரண்டைப் பிடித்துக் கொடுத்தது. பிரவுசரின் சொந்தக் கடையிலிருந்தே விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போட்டாள். "வேற எங்கேருந்தும் இதை எடுக்காதீங்க, தடுக்கறேன்னு சொல்லியே உள்ளே வர்றவன் இருக்கான்," என்றாள். கடைசியாக, புதிதாக எதை ஏற்றினாலும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றி வைத்தாள். பாஸ்வேர்டைப் பூங்கோதையே தேர்ந்தெடுத்தாள்.

"பேங்க் பாஸ்வேர்ட் ஏதாவது இதுல போட்டிருக்கீங்களா? இருந்தா மாத்திருங்க."

"இல்ல. அதெல்லாம் அவர் பேங்குக்கே போயிருவார்."

"அச்சா தாதா, நல்ல அண்ணன்," என்று சொல்லிவிட்டு ஸ்வப்னா எண்ணெய்த் தலையோடு வீட்டுக்குப் போனாள்.

முருகையா வந்தபோது ஆறு மணி. சட்டையில் டீசல் வாசனை. பூங்கோதை டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாலு நாளாக அவள் எதிரில் உட்கார்ந்ததில்லை. அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க, கம்ப்யூட்டர்ல பொம்பளைப் படமா வந்துச்சுல்ல?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"நீ பார்த்துட்டியா? கோதை, சத்தியமா நான் எதுவும் பார்க்கல. நான் பாட்டுக்கு எஞ்சின் வீடியோ பார்த்துட்டிருந்தேன். திடீர்னு வந்துச்சு. மூடப் போனா இன்னும் ரெண்டு வருது. நீ வர்ற நேரத்துக்கெல்லாம் கரெக்டா வருது. என்ன நினைப்பியோன்னு மானிட்டரை அணைச்சேன். எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலன்னு ஜெட்டில கூட வேலை பார்க்கற பக்கிரிசாமிகிட்ட கேட்டேன். அவன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, அண்ணே நீங்க பார்க்கறதுதானே வரும்னு சிரிச்சான். அதுக்கப்புறம் யார்கிட்டயும் வாயே திறக்கல."

"நீங்க எதையும் அமுக்கல. நான்தான் அமுக்கினேன்." ஜூன் பதினான்கு முதல் சிவப்புப் பக்கம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்வப்னா அந்தப் பட்டியலைத் திறக்கட்டுமா என்று கேட்டதையும், வேண்டாம் என்றதையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாதி சொல்லி நிறுத்த அவளால் முடியவில்லை.

முருகையா முதலில் 'அப்பாடா' என்றார். பிறகு மெல்ல யோசித்தார்.

"அப்ப நாலு நாளா நீ பேசாம இருந்தது அதுக்குத்தானா?"

"ஆமா."

"என்னையா அப்படி நினைச்ச?"

"நினைச்சேன்," என்றாள் பூங்கோதை. "தப்புதான்."

அவர் டீயைக் குடித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றார். கோபமாக இருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபம் இல்லை. மழை நின்ற தெருவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். சாப்பிட வந்தபோது அவள் குழம்பு ஊற்றி, "இன்னும் கொஞ்சம்?" என்றாள். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்டேட்டைத் தொடங்கச் சொல்லி ஸ்வப்னா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். பூங்கோதை அதை ஓடவிட்டாள். நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு மூன்று என்று எறும்பாக ஊர்ந்தது. முருகையா பின்னால் வந்து நின்றார்.

"இது ஓடும்போது வேற எதையும் பார்க்கக் கூடாதா?"

"பார்க்கலாம்னு சொன்னா."

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு வீடியோவைத் திறந்தார். எந்த ஊரோ, எந்த நாடோ. துருப்பிடித்த ஒரு படகு எஞ்சினை ஓர் ஆள் பிரித்துக்கொண்டிருந்தான். பேச்சில்லை, பாட்டில்லை. நட்டைக் கழற்றும் சத்தம் மட்டும். முன்னெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் குறுக்கே விழும். இப்போது ஒன்றும் வரவில்லை.

"இதைத்தான் ரெண்டு மணி நேரமா பார்ப்பீங்களா?"

"நாற்பது வருஷம் தண்ணிக்குள்ள கிடந்ததாம். கடைசில ஓட வச்சிருவான்."

"ஓடலைன்னா?"

"ஓடும். நான் மூணு தடவை பார்த்தாச்சு."

பூங்கோதைக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நாலு நாள் என்னவெல்லாம் கற்பனை செய்தோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொங்கி வந்தது. அவர் முறைத்தார். பிறகு அவர் வாயோரமும் இளகியது.

"சிரி, சிரி. சென்னையில கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு அரை நாள் குருடனா உக்கார வச்சிருந்தாங்க. அதுக்குள்ள எனக்கு ப்ரியாவாம்."

"பேரு வேற ஞாபகம் இருக்கு?"

"தினம் வந்தா ஞாபகம் இருக்காதா?"

அவள் அடுப்பில் வைத்த பருப்பை மறந்து அந்த வீடியோவில் ஒன்றிப்போனாள். நடுவில் எது பிஸ்டன், ஏன் அதைச் சுற்றி வளையம் என்று கேட்டாள். அவர் விரலால் திரையைத் தொட்டுக் காட்டி விளக்கினார். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் எழுந்து ஓடினார்கள். பருப்பு அடிப்பிடித்திருந்தது. மேலாக எடுத்து ரசம் வைத்தார்கள்.

மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அப்டேட் நூறைத் தொட்டிருந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, கறுத்த திரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப எதுவும் வராதே?" என்றார் முருகையா.

"வராதுன்னுதான் ஸ்வப்னா சொன்னா. வந்தா மானிட்டரை அணைக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க."

"நீ ஸ்கூல்ல இருந்தா?"

"அப்படியே விட்டு வைங்க. வந்து பார்க்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். மதியத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பாயை உதறி விரித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வந்ததும் மீதி வீடியோவைப் போட்டு, எஞ்சின் ஓடும் இடம் வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தார்.